லைன் அப், புரோட்டோகால் டவுன்: லீஸ்டு லைன் ரூட்டரில் என்கேப்சுலேஷன் கோளாறைப் பிடிப்பது எப்படி

டெல்டாவில் லீஸ்டு லைன் (இரண்டு அலுவலகங்களை இணைக்க வாடகைக்கு எடுத்த தனி இணைப்பு) படுத்துவிட்டால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான் விழும். அதில் நியாயமும் இருக்கிறது. ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் தூர்வாரி முடிக்க வேண்டும் என்று வாய்க்காலில் பொக்லைன் இறங்கினால், கரையோரம் புதைத்த கேபிள் எங்காவது ஒன்று வாளியில் மாட்டிக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில் இடி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு, ரூட்டரைப் பற்றி யோசிக்கவே பல நாள் ஆயிற்று. கம்பங்களே சாய்ந்து கிடந்தன.

ஆனால் கேபிள் நன்றாக இருந்து, மோடத்தில் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்து, லிங்க் மட்டும் வராத கேஸ்கள் உண்டு. அப்போது சேவை நிறுவனத்துக்குப் புகார் கொடுத்தால் அவர்கள் சோதித்துவிட்டு "எங்க பக்கம் லைன் ஓகே சார்" என்று முடித்துவிடுவார்கள். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும். இரண்டு முனை ரூட்டர்களும் வேறு வேறு என்கேப்சுலேஷனில், அதாவது தரவை ஃபிரேமாகக் கட்டி அனுப்பும் முறையில், நிற்கும்.

என்கேப்சுலேஷன் தானாக மாறவே மாறாது. இந்தக் கோளாறில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான். இடி விழுந்து பழைய ரூட்டர் போய், அந்த இடத்தில் வேறு ரூட்டர் வந்திருக்கும். அல்லது யாரோ ஆறு மாதம் முன்பு மாற்றம் செய்து, சேமிக்காமல் விட்டு, நேற்று மின்சாரம் போய் வந்ததும் ரூட்டர் பழைய கான்ஃபிகில் எழுந்திருக்கும். இல்லாவிட்டால் தலைமை அலுவலகத்தில் புது ரூட்டருக்கு மாறியிருப்பார்கள், கிளைக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் கட்டளை எதையும் அடிப்பதற்கு முன்பு, லிங்க் கடைசியாக ஓடியதற்கும் இப்போதைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்டுவிடுங்கள்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிளையில் இருந்து வந்த போன் இப்படித்தான் போனது:

"சார், மோடத்துல எல்லா லைட்டும் பச்சைதான் சார். காலையிலேருந்து கம்ப்யூட்டர்ல ஒண்ணும் வரல."

"நேத்து வரைக்கும் ஓடுச்சா தம்பி?"

"இல்ல சார், போன வாரமே இடி விழுந்து பழைய பொட்டி போயிடுச்சு. இன்னிக்குத்தான் வேற பொட்டி வந்துச்சு. வயரு எல்லாம் அப்படியே மாட்டிட்டோம்."

பாதி வேலை இங்கேயே முடிந்தது. வயர் அப்படியே வந்தது, கான்ஃபிக் வரவில்லை.

கீழே வரும் கட்டளைகள் சிஸ்கோ ரூட்டருக்கானவை. மற்ற பெட்டிகளில் சொற்கள் மாறும், அறிகுறி மாறாது.

முதலில் ஒரு வரியைப் படியுங்கள்

ஷோ இன்டர்ஃபேஸ் சீரியல் 0/0/0

வெளியீட்டின் முதல் வரியில் இரண்டு நிலைகள் இருக்கும். முதல் பாதி கேபிள், மோடம், கடிகாரத் துடிப்பு வரைக்கும் உள்ள சங்கதி. இரண்டாம் பாதியான லைன் புரோட்டோகால், எதிர்முனை ரூட்டரோடு பேச்சு நடக்கிறதா என்பதைச் சொல்லும். வாய்க்காலில் தண்ணீர் வந்து நிற்கிறது, வயலின் மடை திறக்கவில்லை என்றால் எப்படியோ, "அப், டவுன்" என்பது அப்படி.

"அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்" என்று இருந்தால் இன்டர்ஃபேஸை யாரும் திறக்கவில்லை. "நோ ஷட்டவுன்" கொடுங்கள். புதுப் பெட்டியில் இது சகஜம். "டவுன், டவுன்" என்றால் கேபிளையும் மோடத்தையும் பாருங்கள். அதுவரை என்கேப்சுலேஷனைத் தொடவே வேண்டாம். "அப், டவுன்" என்றால்தான் நம் கதை தொடங்குகிறது.

அதே வெளியீட்டில் சில வரிகள் கீழே "என்கேப்சுலேஷன் ஹெச்டிஎல்சி" அல்லது "என்கேப்சுலேஷன் பிபிபி" என்று இருக்கும். லீஸ்டு லைனில் வழக்கமாக வரும் இரண்டு முறைகள் இவை. இதை இங்கேதான் பார்க்க வேண்டும். "ஷோ ரன்னிங் கான்ஃபிக்" போட்டுத் தேடுபவர்கள் பலர். அதில் ஒரு பொறி இருக்கிறது: சிஸ்கோ சீரியல் இன்டர்ஃபேஸின் இயல்பு நிலை ஹெச்டிஎல்சி, இயல்பு நிலை கான்ஃபிகில் அச்சாகாது. என்கேப்சுலேஷன் என்ற வரியே கண்ணில் படவில்லை என்றால் அந்த இன்டர்ஃபேஸ் ஹெச்டிஎல்சியில் இருக்கிறது என்று பொருள். "இங்க ஒண்ணுமே செட் பண்ணல சார்" என்று எதிர்முனையில் சொன்னாலும் அதே பொருள்தான், அது சிஸ்கோவாக இருக்கும் பட்சத்தில்.

அறிகுறி: இரண்டு முனையிலும் "அப், டவுன்"

பொருந்தாத என்கேப்சுலேஷனின் அசல் முகம் இது. ஒரு முனை ஹெச்டிஎல்சி, மறு முனை பிபிபி. இரண்டும் பிட்டுகளை ஒழுங்காக அனுப்புகின்றன, ஒழுங்காக வாங்கவும் செய்கின்றன. வந்த ஃபிரேமின் தலைப்பைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் சிக்கல். சிஸ்கோ ஹெச்டிஎல்சி ஃபிரேம் சாதாரணமாக 0எஃப் 00 என்று தொடங்கும். பிபிபி ஃபிரேம் எஃப்எஃப் 03 என்று தொடங்கும். முதல் இரண்டு பைட்டிலேயே இது நமக்கானது இல்லை என்று ரூட்டர் தள்ளிவிடும். பிழை கண்டுபிடிக்கும் எஃப்சிஎஸ் கணக்கு இரண்டிலும் ஒன்றுதான் என்பதால், அந்தக் கணக்கு தவறும்போது ஏறும் சிஆர்சி பிழையும் ஏறாது. லைன் சுத்தமாகத் தெரியும், வேலை மட்டும் நடக்காது.

இதை உறுதி செய்ய நான் வைத்திருக்கும் சோதனை, கவுண்டர்களை அழித்துவிட்டுக் காத்திருப்பது.

கிளியர் கவுண்டர்ஸ் சீரியல் 0/0/0

அடித்துவிட்டு ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் ஷோ இன்டர்ஃபேஸ். ஹெச்டிஎல்சியில் கீப்அலைவ், அதாவது "நான் இருக்கிறேன்" என்று சொல்லும் சின்னச் செய்தி, 10 விநாடிக்கு ஒன்று போகும். அதனால் வெளியே போன பாக்கெட் எண்ணிக்கை ஆறு அளவிலாவது ஏறியிருக்க வேண்டும். இப்போது உள்ளே வந்ததைப் பாருங்கள். எண்ணிக்கை ஏறுகிறது, சிஆர்சி, ஃபிரேம், அபார்ட் பிழைகள் சுழியில் நிற்கின்றன என்றால் கேபிள்காரரை விட்டுவிடுங்கள், என்கேப்சுலேஷனைப் பிடியுங்கள். உள்ளே வந்தது சுழி என்றால் எதிர்முனை எதையும் அனுப்பவில்லை, அல்லது நடுவில் சர்க்யூட் அறுந்திருக்கிறது. சிஆர்சி பிழை கொட்டுகிறது என்றால் கடிகாரம், டைம்ஸ்லாட், கேபிள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இன்னும் நெருங்கிப் பார்க்க டீபக் இருக்கிறது, ரூட்டருக்குள் நடப்பதை வரிவரியாகக் காட்டும் கட்டளை. டெல்நெட்டில் (தூரத்திலிருந்து ரூட்டருக்குள் நுழையும் வழி) இருந்தால் முதலில் "டெர்மினல் மானிட்டர்" கொடுங்கள், இல்லாவிட்டால் திரையில் எதுவும் வராது.

நம் முனை ஹெச்டிஎல்சி என்றால் "டீபக் சீரியல் இன்டர்ஃபேஸ்". ஒவ்வொரு 10 விநாடிக்கும் ஒரு வரி வரும். அதில் மைசீக், மைன்சீன், யுவர்சீன் என்று மூன்று எண்கள். மைசீக் என்பது நாம் அனுப்பிய கீப்அலைவின் வரிசை எண். மைன்சீன் என்பது நாம் அனுப்பியதில் எதிர்முனை கடைசியாகப் பார்த்ததாகச் சொல்லும் எண். யுவர்சீன் என்பது எதிர்முனையிடமிருந்து நமக்குக் கடைசியாக வந்த எண். நல்ல லைனில் மூன்றும் ஏறிக்கொண்டே போகும். பொருந்தாத லைனில் மைசீக் மட்டும் 14, 15, 16 என்று தனியாக ஏறும், மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே நிற்கும்.

நம் முனை பிபிபி என்றால் "டீபக் பிபிபி நெகோஷியேஷன்". எல்சிபி என்பது பிபிபி லிங்கைத் திறக்கும் முதல் கட்டப் பேச்சு. அதன் வரிகளில் ஓ என்ற எழுத்து இருந்தால் நாம் அனுப்பியது, ஐ என்று இருந்தால் வந்தது. ஓ கான்ஃப்ரெக், ஓ கான்ஃப்ரெக் (பேச்சைத் தொடங்கும் கோரிக்கை) என்று வரிசையாக ஓடி, இடையில் டைம்அவுட் வந்து, ஒரு ஐ கூட இல்லை என்றால் எதிர்முனை பிபிபி பேசவே இல்லை. ஷோ இன்டர்ஃபேஸிலும் எல்சிபி ஓப்பன் என்று வராமல் ரெக்சென்ட் போன்ற நிலையில் நிற்கும். மாறாக ஐ கான்ஃப்ரெக் வருகிறது, ஆனால் நாக், ரிஜெக்ட் என்று இழுபறி நடக்கிறது என்றால் எதிர்முனையும் பிபிபிதான். சண்டை வேறு எதற்கோ, அநேகமாக ஆத்தென்டிகேஷனுக்கு, அதாவது அடையாளச் சரிபார்ப்புக்கு. பார்த்து முடித்ததும் "அன்டீபக் ஆல்" கொடுக்க மறக்காதீர்கள். சின்ன ரூட்டரில் டீபக் ஓடிக்கொண்டே இருந்தால் அதுவே தனிக் கோளாறாகிவிடும்.

மாற்றுவது மூன்று வரி வேலை:

கான்ஃபிகர் டெர்மினல்
இன்டர்ஃபேஸ் சீரியல் 0/0/0
என்கேப்சுலேஷன் பிபிபி

எந்தப் பக்கத்தை மாற்றுவது என்பதில்தான் யோசனை வேண்டும். லிங்க் ஏற்கெனவே விழுந்து கிடக்கிறது, எதிர்முனைக்கு வேறு வழி இல்லை என்றால் கைக்கு எட்டும் முனையை எதிர்முனைக்குத் தகுந்தபடி மாற்றுங்கள். எதிர்முனை என்ன என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் ஹெச்டிஎல்சியில் ஒரு நிமிடம், பிபிபியில் ஒரு நிமிடம் என்று இரண்டையும் போட்டுப் பாருங்கள். நிமிடக் கணக்கு முக்கியம். ஹெச்டிஎல்சி முனை மூன்று கீப்அலைவ் தவறிய பிறகுதான் விழும், அதாவது 30 விநாடி போல. பிபிபிக்கு மாற்றிய முனை உடனே விழுந்துவிடும், எதிரே இருக்கும் ஹெச்டிஎல்சி முனை அரை நிமிடம் "அப், அப்" என்றே காட்டும். அந்த அரை நிமிடத்தில் பார்த்துவிட்டு "இங்க ஓகே சார்" என்று போனை வைத்துவிடுபவர்கள் உண்டு.

இரண்டு முனையும் ஒரே நிறுவனத்தின் பெட்டியாக இல்லாவிட்டால் யோசிக்கவே வேண்டாம், பிபிபிதான். ஐஎஸ்ஓ தரத்தின் ஹெச்டிஎல்சியில் உள்ளே இருப்பது ஐபி பாக்கெட்டா வேறா என்று சொல்லும் இடமே கிடையாது. சிஸ்கோ தன் வசதிக்கு ஒரு புரோட்டோகால் புலத்தைச் சேர்த்துக்கொண்டது. அதனால் ஒரே பெயரில் இருந்தாலும் ஒரு நிறுவனத்தின் ஹெச்டிஎல்சி இன்னொன்றுக்குப் புரியும் என்ற உத்தரவாதம் இல்லை. பிபிபி பொதுத் தரம், 1994-இல் வந்த ஆர்எஃப்சி 1661. ஜூனிப்பர், ஹுவாவே ரூட்டர்களின் சீரியல் இன்டர்ஃபேஸ் இயல்பிலேயே பிபிபியில்தான் வரும். ஜூனிப்பரில் சிஸ்கோ ஹெச்டிஎல்சி என்று தனித் தேர்வு இருக்கிறது, அவசரத்துக்கு உதவும். தஞ்சாவூரில் தலைமை அலுவலகத்தில் சிஸ்கோ, மன்னார்குடிக் கிளையில் ஹுவாவே, இரண்டையும் பெட்டியிலிருந்து எடுத்து ஐபி மட்டும் கொடுத்து மாட்டினால் லிங்க் வராது. இரண்டு பக்கமும் தப்பு ஏதும் செய்யவில்லை, இயல்பு நிலைதான் வேறு.

ஓடும் லிங்கில் என்கேப்சுலேஷனை மாற்ற வேண்டி வந்தால்

இது கோளாறு நீக்கம் இல்லை, கோளாறு வராமல் பார்த்துக்கொள்வது. ஆனால் இங்கேதான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தஞ்சாவூரில் உட்கார்ந்து, அதே லீஸ்டு லைன் வழியாக வேதாரண்யம் ரூட்டருக்குள் டெல்நெட்டில் நுழைந்திருக்கிறீர்கள். இரண்டையும் ஹெச்டிஎல்சியிலிருந்து பிபிபிக்கு மாற்ற வேண்டும். முதலில் பக்கத்தில் இருப்பதை மாற்றினால் லிங்க் விழும், தூரத்து முனை ஹெச்டிஎல்சியிலேயே நிற்கும், அதைத் தொட வழியில்லை. பழையதற்குத் திரும்ப வேண்டியதுதான். தூரத்து முனையை முதலில் மாற்றுங்கள். கட்டளை அடித்த கையோடு டெல்நெட் உறைந்துவிடும், பயப்பட வேண்டாம், அது வேலை செய்ததற்கு அடையாளம். பிறகு பக்கத்து முனையை மாற்றினால் லிங்க் எழுந்துவிடும்.

எழாவிட்டால்? அதற்குத்தான் தூரத்து ரூட்டரில் மாற்றத்துக்கு முன்னாலேயே ஒரு வரி:

ரீலோட் இன் 10

பத்து நிமிடத்தில் அந்த ரூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகி, சேமித்து வைத்த பழைய கான்ஃபிகில் எழும். பக்கத்து முனையைப் பழையபடி ஹெச்டிஎல்சிக்குத் திருப்பி வைத்துவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் லிங்க் திரும்ப வந்திருக்கும். இந்த ஏற்பாடு பலிக்க, மாற்றத்துக்கு முன்னால் நல்ல கான்ஃபிக் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். மாற்றத்துக்குப் பிறகு, லிங்க் வந்து சரிபார்க்கும் வரை "ரைட் மெமரி" (கான்ஃபிகைச் சேமிக்கும் கட்டளை) கொடுக்கக் கூடாது. எல்லாம் சரி என்றால் "ரீலோட் கேன்சல்", அப்புறம் இரண்டு முனையிலும் "ரைட் மெமரி". கேன்சலை மறந்தால் பத்தாவது நிமிடம் ரூட்டர் தன் வேலையைச் செய்துவிடும். ரைட் மெமரியை மறந்தால் அடுத்த மின்தடை செய்யும். நம் பக்கம் மின்தடைக்குக் குறைவில்லை, யுபிஎஸ் பேட்டரியும் மாற்றிப் பல வருடம் ஆகியிருக்கும்.

கிளையில் 4ஜி பேக்கப் இருந்தால் அதன் வழியாக நுழைந்து மாற்றுவது எல்லாவற்றையும்விட நிம்மதி.

அறிகுறி: ஒரு முனை "அப், அப்", மறு முனை "அப், டவுன்"

மேலே சொன்ன அரை நிமிடம் கடந்தும் இப்படியே நின்றால் என்கேப்சுலேஷன் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம், கீப்அலைவைப் பாருங்கள். "அப், அப்" என்று நிற்கும் முனையில்தான் கோளாறு இருக்கும். அங்கே யாரோ "நோ கீப்அலைவ்" கொடுத்திருப்பார்கள். அந்த ரூட்டர் கீப்அலைவ் அனுப்பாது, எதிர்பார்க்கவும் செய்யாது, எதிரே ஆள் இருக்கிறாரா இல்லையா என்ற கவலையே இல்லாமல் தன்னை நலம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். மறு முனை மூன்று முறை எதிர்பார்த்து ஏமாந்து விழும். டவுன் என்று காட்டும் ரூட்டரைக் கழற்றி மாட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். "கீப்அலைவ் 10" என்று இரண்டு முனையிலும் கொடுத்தால் முடிந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு குழப்பமும் இருக்கிறது: என்கேப்சுலேஷன் பொருந்தாதபோது ஹெச்டிஎல்சி முனையில் "நோ கீப்அலைவ்" போட்டால் அது "அப், அப்" ஆகிவிடும். "பாதி வந்துடுச்சு சார்" என்பார்கள். பாதியும் வரவில்லை.

அறிகுறி: எழுகிறது, விழுகிறது, எழுகிறது

லாகில் லைன் புரோட்டோகால் அப், டவுன் என்று மாறி மாறி ஓடுகிறது, பிபிபி இரண்டு முனையிலும் இருக்கிறது என்றால் சாப் என்ற ஆத்தென்டிகேஷன் முறையைச் சந்தேகியுங்கள். எல்சிபி திறக்கிறது, அடையாளம் கேட்கிறது, பிடிக்கவில்லை, மூடுகிறது, மறுபடி முதலிலிருந்து.

சாப்பில் ஒவ்வொரு ரூட்டரும் தன் ஹோஸ்ட்நேமைப் பெயராக அனுப்பும். எதிர்முனையில் அந்தப் பெயரில் ஒரு யூசர்நேம் இருக்க வேண்டும், பாஸ்வேர்டு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஹோஸ்ட்நேம் வைக்காத புதுப் பெட்டி தன் பெயரை "ரூட்டர்" என்றே சொல்லும். எதிர்முனை "பாபநாசம்" என்ற பெயரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். கான்ஃபிகில் மற்றதெல்லாம் ஒட்டிவிட்டு ஹோஸ்ட்நேம் வரியை மட்டும் விட்டுவிடுவது எப்படியோ நடந்துவிடுகிறது. ஹோஸ்ட்நேமை மாற்ற முடியாத சூழல் என்றால் இன்டர்ஃபேஸின் கீழ் "பிபிபி சாப் ஹோஸ்ட்நேம்" கொடுத்து வேண்டிய பெயரைச் சொல்ல வைக்கலாம்.

பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே ஒட்டினால் கடைசியில் ஒரு இடைவெளியும் கூடவே வந்து பாஸ்வேர்டில் உட்கார்ந்துகொள்ளலாம், கண்ணுக்குத் தெரியாது. கையால் அடித்துவிடுங்கள். ஒரு முனையில் சாப், மறு முனையில் பாப் (இன்னொரு ஆத்தென்டிகேஷன் முறை) என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். "டீபக் பிபிபி ஆத்தென்டிகேஷன்" போட்டால் சேலஞ்ச், ரெஸ்பான்ஸ், ஃபெயிலியர் என்று வரிசையாகச் சொல்லிவிடும், யார் பெயரை யார் ஏற்கவில்லை என்பதும் தெரியும்.

ஆத்தென்டிகேஷன்தான் காரணமா என்று சந்தேகமாக இருந்தால் இரண்டு முனையிலும் அந்த வரியைத் தற்காலிகமாக எடுத்துப் பாருங்கள். லிங்க் நிலைத்து நின்றால் சந்தேகம் தீர்ந்தது. சரி செய்த பின் திரும்பப் போட்டுவிடுங்கள்.

அறிகுறி: "அப்" பக்கத்தில் "லூப்டு"

ஹெச்டிஎல்சியில் "அப், அப், லூப்டு" என்று வந்தால் நாம் அனுப்பியது நமக்கே திரும்புகிறது. லைன் சோதனைக்கு மோடத்திலோ எக்ஸ்சேஞ்சிலோ லூப் போட்டுவிட்டு எடுக்க மறந்திருப்பார்கள். போன் செய்து எடுக்கச் சொல்ல வேண்டியதுதான்.

பிபிபியில் இது வேறு மாதிரி தெரியும். பிபிபி ஒவ்வொரு முனைக்கும் ஒரு மேஜிக் எண் வைத்துக்கொள்ளும். தன் எண்ணே திரும்பி வந்தால் லூப் என்று கண்டுகொண்டு லிங்கை எழ விடாது. அதனால் நாமே வேண்டுமென்று லூப் போட்டு லைனைச் சோதிக்கும்போது பிபிபியில் விட்டுவைத்தால் லைன் கெட்டுப்போனது போலத் தெரியும். சோதனைக்கு ஹெச்டிஎல்சிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், லூப்டு என்று வந்ததும் தன் ஐபிக்கே நீட்டிப்பு பிங் அடித்து, டேட்டா பேட்டர்னில் எல்லாம் சுழி, எல்லாம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, பிழை ஏறுகிறதா பாருங்கள். மோடம் வரை லூப், அப்புறம் எக்ஸ்சேஞ்ச் வரை, அப்புறம் எதிர் மோடம் வரை என்று தள்ளிக்கொண்டே போனால் கோளாறு எந்தத் துண்டில் என்று பிடித்துவிடலாம். முடிந்ததும் பழைய என்கேப்சுலேஷனுக்குத் திரும்ப வேண்டும். சோதனைக்கு மாற்றிய ஹெச்டிஎல்சி அப்படியே தங்கிவிட்டு, மறுநாள் நாம் மேலே பார்த்த முதல் அறிகுறியாக வந்து நிற்பதும் உண்டு.

அறிகுறி: "அப், அப்", ஆனால் போக்குவரத்து இல்லை

என்கேப்சுலேஷன் பொருந்திவிட்டது. இனி ஐபி. இங்கே பிபிபிக்கும் ஹெச்டிஎல்சிக்கும் ஒரு சுவாரசியமான வித்தியாசம்.

ஒரு முனையில் 10.20.30.1, மறு முனையில் தவறுதலாக 10.20.30.6, இரண்டுக்கும் /30 மாஸ்க், அதாவது நாலு நாலு முகவரியாகப் பிரித்த சப்நெட். ஹெச்டிஎல்சியில் பிங் போகாது, உடனே தெரிந்துவிடும். பிபிபியில் பிங் போகும்! ஐபிசிபி (பிபிபியில் ஐபி விவரம் பேசும் கட்டம்) பேச்சில் எதிர்முனையின் முகவரியைத் தெரிந்துகொண்டு, ரூட்டர் அதற்கு ஒரு /32 வழியை, அதாவது அந்த ஒற்றை முகவரிக்கான வழியை, தானே போட்டுக்கொள்கிறது. பிங் போகிறதே என்று எல்லோரும் நிம்மதியாக இருக்க, ரூட்டர்கள் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் இஐஜிஆர்பி மட்டும் "ஒரே சப்நெட்டில் இல்லை" என்று லாகில் புலம்பிக்கொண்டிருக்கும். ரூட் வராது. "ஷோ ஐபி ரூட்" போட்டு அந்த /32 வரியில் இருக்கும் முகவரி நம் /30-க்குள் அடங்குகிறதா என்று பாருங்கள்.

என்கேப்சுலேஷன் மாதிரியே தெரியும், ஆனால் அது இல்லை

"அப், டவுன்" கூடவே சிஆர்சி பிழை ஏறினால் கீழ்த்தளத்தைப் பாருங்கள். "ஷோ கண்ட்ரோலர்ஸ் சீரியல் 0/0/0" போட்டால் வி.35 கேபிள் டிடிஇ முனையா (கடிகாரத்தை வாங்கும் பக்கம்) டிசிஇ முனையா (கொடுக்கும் பக்கம்), கடிகாரம் வருகிறதா என்று சொல்லும். கடிகாரம் மோடத்திலிருந்து வர வேண்டும், ரூட்டர் டிடிஇ ஆக இருக்க வேண்டும். மேசையில் இரண்டு ரூட்டரை நேரே இணைத்துச் சோதிக்கும்போது மட்டும் டிசிஇ முனையில் "கிளாக் ரேட்" கொடுக்க வேண்டும்.

லைன் ஈ1 வகை என்றால் விநாடிக்கு 2048 கிலோபிட், 64 கிலோபிட் வீதம் 32 டைம்ஸ்லாட். சுழியாம் ஸ்லாட் ஃபிரேமிங்குக்குப் போய்விடும், மீதி 31. ஒரு முனை 1 முதல் 31, மறு முனை 1 முதல் 16 என்று இருந்தால் ஃபிரேம் சிதைந்துதான் வரும். ஒரு பக்கம் சிஆர்சி4 (ஈ1 ஃபிரேமிங்கில் ஒரு பிழைச் சோதனை), மறுபக்கம் அது இல்லாமல் இருந்தாலும் தகராறு. சேவை நிறுவனம் கொடுத்த தாளில் இவை எழுதியிருக்கும், அந்தத் தாள் எங்கே என்பதுதான் கேள்வி. கும்பகோணத்தில் ஒரு அலுவலகத்தில் அதை லேமினேட் செய்து ரூட்டர் ரேக்கின் கதவிலேயே ஒட்டியிருக்கிறார்கள்: சர்க்யூட் எண், ஸ்லாட், என்கேப்சுலேஷன், ஐபி, புகார் எண். அந்த அலுவலகத்தில் எனக்கு வேலை குறைவு.

ஈதர்நெட்டில் வரும் லீஸ்டு லைன்

இப்போது புதிதாக வரும் இணைப்புகள் பெரும்பாலும் ஃபைபரில் வந்து, மீடியா கன்வெர்ட்டர் வழியாக ஈதர்நெட்டாக ரூட்டரில் இறங்குகின்றன. ஹெச்டிஎல்சி, பிபிபி சண்டை இங்கே இல்லை. அதே சண்டை விஎல்ஏஎன் டேக் (ஃபிரேம் எந்த இணைப்புக்கு உரியது என்று சொல்லும் எண்) என்ற பெயரில் வரும். இங்கே கஷ்டம் அதிகம், ஏனென்றால் ரூட்டர் தானாகச் சொல்லாது. டேக் பொருந்தாவிட்டாலும் இன்டர்ஃபேஸ் "அப், அப்" என்றே நிற்கும். போதாக்குறைக்கு, வெளியே ஃபைபர் அறுந்தாலும் சாதாரண கன்வெர்ட்டர் ரூட்டர் பக்கத்து விளக்கைப் பச்சையாகவே வைத்திருக்கும்.

பார்க்க வேண்டிய இடம் "ஷோ ஏஆர்பி", எந்த ஐபிக்கு எந்த வன்பொருள் முகவரி என்று காட்டும் பட்டியல். எதிர்முனை ஐபிக்கு நேரே "இன்கம்ப்ளீட்" என்று இருந்தால் இரண்டு முனையும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. சேவை நிறுவனம் டேக் போட்டு அனுப்புகிறதா, போடாமல் அனுப்புகிறதா, டேக் என்றால் எண் என்ன என்று கேளுங்கள். டேக் 120 என்றால்:

இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 0/0.120
என்கேப்சுலேஷன் டாட்1க்யூ 120
ஐபி அட்ரஸ் 10.20.30.2 255.255.255.252

வரிசையை மாற்றி ஐபியை முதலில் கொடுத்தால் ரூட்டர் ஏற்காது, சப்இன்டர்ஃபேஸுக்கு என்கேப்சுலேஷன் முதலில் வேண்டும் என்று திட்டிவிடும். முதன்மை இன்டர்ஃபேஸில் பழைய ஐபி தங்கியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள், அதே சப்நெட்டை இரண்டு இடத்தில் வைக்க விடாது.

டேக் சரியாகி, பிங்கும் போய், மென்பொருளில் லாகின் பக்கம் வரைக்கும் வருகிறது, ரிப்போர்ட் எடுத்தால் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்றால் எம்டியு, அதாவது ஒரே தடவையில் போகக்கூடிய பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. டாட்1க்யூ டேக் 4 பைட் எடுத்துக்கொள்ளும், நடுவில் இருக்கும் ஏதோ ஒரு ஸ்விட்ச் அந்தக் கூடுதலைத் தாங்காமல் பெரிய ஃபிரேமை மட்டும் சத்தமில்லாமல் போட்டுவிடலாம். விண்டோஸ் கணினியில் "பிங் -எஃப் -எல் 1472" என்று தலைமை அலுவலக சர்வருக்கு அடியுங்கள். 1472-ஓடு ஐபி, ஐசிஎம்பி தலைப்பு 28 சேர்ந்தால் 1500. பதில் வந்தால் எம்டியு பிரச்சினை இல்லை. வராவிட்டால் 1464, 1452 என்று குறைத்துக்கொண்டே போய், எங்கே பதில் வருகிறதோ அந்த எண்ணோடு 28 கூட்டிக்கொள்ளுங்கள், அதுதான் அந்தப் பாதையின் எம்டியு. பிபிபிஓஇ (ஈதர்நெட் மேல் ஓடும் பிபிபி) இருந்தால் 8 பைட் போய் 1492, ஜிஆர்இ டனல் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் முறை) இருந்தால் 24 போய் 1476. அதிலிருந்து ஐபி, டிசிபி தலைப்புக்கு இன்னும் 40 கழித்தால் வருவது எம்எஸ்எஸ், ஒரு பாக்கெட்டில் டிசிபி வைக்கும் தரவின் உச்ச அளவு. அதை ரூட்டரின் உள்பக்க இன்டர்ஃபேஸில் "ஐபி டிசிபி அட்ஜஸ்ட்-எம்எஸ்எஸ்" என்று போட வேண்டும்: பிபிபிஓஇக்கு 1452, ஜிஆர்இக்கு 1436. போட்ட பிறகு கணினியில் பழைய இணைப்பை மூடிவிட்டுப் புதிதாக லாகின் செய்து பாருங்கள், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு பழைய எம்எஸ்எஸ்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.